‘உட்டன்வேர்’ பக்கத்தின் கடைசி மேற்கோள்

அகராதி போடுகிறவர்கள் சாதுக்கள், எறும்புக்கும் வழிவிட்டு நடப்பவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஒரே ஒரு சொல்லுக்காக ஒரு மனுஷனின் இருபத்திரண்டு வருஷ உழைப்பில் மண்ணை அள்ளிப் போட்ட இடம் அந்த அலுவலகம். மண்ணைப் போட்டவர் இப்போது அங்கே தலைமைப் பதிப்பாசிரியர். அவர் அறைக்கு எதிரே, ஜன்னலோரமாக, சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருப்பவள் அந்த மனுஷனின் கூடப்பிறந்த தங்கை. அது மட்டும் அவருக்குத் தெரியாது.

அலுவலகத்தில் அவளுக்கு ‘ஊசி’ என்று பேர். புரூஃப் பார்க்கிற வேலை. ஒரு புள்ளி தவறாக இருந்தாலும் குத்திவிடுவாள், நாக்கும் அப்படித்தான். கணவனின் இனிஷியலைப் போட்டு வேலைக்குச் சேர்ந்தாள். அவள் அம்மா ஜாடை, அண்ணன் அப்பா ஜாடை. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த வசதியை வைத்துக்கொண்டு ஐந்து வருஷம் வாயைத் திறக்காமல் அங்கே உட்கார்ந்திருந்தாள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். இவள் வயிற்றில் இருந்தது ஆறினால்தானே!

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ‘அந்த ஆள் பொய்யன் இல்லை’ என்று, பொய்யன் பட்டம் கட்டினவரே சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால், அவர் வாயாலேயே.

அந்த அகராதி சாதாரண அகராதி இல்லை. இங்கிலீஷில் உள்ள ஒவ்வொரு சொல்லும் எப்போது பிறந்தது, முதன்முதலில் யார் எழுதினார், அதற்குப் பிறகு எப்படியெல்லாம் வந்தது என்று ஆதாரத்தோடு சொல்லுகிற அகராதி. பழைய புத்தகம், கடிதம், உயில், கடை ரசீது, எதில் அந்தச் சொல் கிடைத்தாலும் சரி, ஆள் பேரும் தேதியும் இருந்தால் போதும். அந்த வாக்கியத்தை உள்ளங்கை அகலச் சீட்டு ஒன்றில் எழுதி, மாடத்தில் போட்டு வைப்பார்கள். சுவர் முழுக்க மாடம், மாடம் முழுக்கச் சீட்டு. இருக்கிறதிலேயே பழைய தேதியுள்ள சீட்டை யார் கொண்டுவருகிறாரோ, அந்தச் சொல்லின் பிறப்பைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அந்தப் பெருமைக்காக அங்கே சாப்பாட்டை மறந்தவர்கள் உண்டு.

அண்ணன் அப்படிப்பட்ட ஆள். அவனிடம் வந்த சொற்களில் ஒன்று ‘உட்டன்வேர்’. மரச்சாமான், அதாவது கரண்டி, கிண்ணம், தொட்டி, தட்டு என்று மரத்தில் செய்து விற்கிற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பேர். மண்பாண்டத்துக்கு ‘எர்தன்வேர்’ என்று இங்கிலீஷில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. ‘வேர்’ என்றால் விற்கிற சரக்கு. மண்ணுக்குப் பின்னால் இருந்த அந்த வாலை மரத்துக்குப் பின்னாலும் ஒட்டவைத்த புண்ணியவான் யார், எப்போது? இதுதான் கேள்வி. “மரம்னா வேர் இருக்கத்தானே செய்யும், இதுக்கு என்ன ஆராய்ச்சி வேண்டிக் கிடக்கு?” என்று அண்ணி அடுப்படியிலிருந்து கேட்பாள். அண்ணன் வயிறு குலுங்கச் சிரிப்பான். அப்போதெல்லாம் அவன் சிரிப்பான்.

ஆவணக் காப்பகத்தில் பழைய காகிதக் கட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, கடைசியில் ஒரு ஏட்டைக் கண்டுபிடித்தான். செத்துப்போன ஒரு விதவையின் வீட்டில் இருந்த சாமான்களின் பட்டியல். மதிப்புப் போட வந்த இரண்டு பேர் முதல் அறையில் ஒவ்வொரு போர்வையையும் எழுதியிருக்கிறார்கள். அடுப்படியில் ஒவ்வொரு சட்டியையும் எழுதியிருக்கிறார்கள். பால் வைக்கிற அறைக்கு வந்தபோது கை வலித்ததோ, பசித்ததோ, ‘உட்டன்வேர் எல்லாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அதுவரை கிடைத்த ஆதாரத்தைவிட அது முப்பத்தொன்பது வருஷம் முந்தினது. “பாத்தியா, ரெண்டு சோம்பேறிங்க எண்ணச் சலிச்சுக்கிட்டாங்க, ஒரு சொல்லு பொறந்துடுச்சு” என்று தங்கைக்கு போன் செய்து சொன்னான். அது அவனுடைய ஊகம்தான். ஆனால் பிள்ளை பிறந்த வீட்டுக்காரன் மாதிரி அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தான்.

சீட்டு எழுதினான். ஏட்டில் பிப்ரவரி மாசம், இன்ன வருஷம் என்று இருந்தது. அப்படியே எழுதினான். தப்பு அங்கேதான்.

அந்தக் காலத்து இங்கிலீஷ் காகிதங்களில் புது வருஷம் ஜனவரியில் பிறக்காது. மார்ச் இருபத்தைந்தில்தான் பிறக்கும். ஆகவே அவர்கள் எழுதின பிப்ரவரி, நம் கணக்குக்கு அடுத்த வருஷத்துப் பிப்ரவரி. இது அகராதி அலுவலகத்தில் எல்லோருக்கும் பால பாடம். அப்படிப்பட்ட தேதியை எழுதும்போது இரண்டு வருஷத்தையும் எழுதி நடுவே ஒரு சாய்கோடு போட வேண்டும். அண்ணன் ஆயிரம் தடவை போட்ட கோடு அது. சந்தோஷத்தில் அன்றைக்கு விட்டுவிட்டான். யானைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மாவா?

அப்போது பிரிவுத் தலைவராக இருந்தவர்தான் இன்றைய தலைமைப் பதிப்பாசிரியர். அந்தச் சொல்லுக்கு அதுவரை இருந்த முதல் ஆதாரம் அவர் கண்டுபிடித்தது. அதை ஒருவன் முப்பத்தொன்பது வருஷம் பின்னால் தள்ளினால் மனசு கசக்குமா, இனிக்குமா? சரிபார்க்கிறேன் என்று காப்பகத்துக்குப் போனார். அங்கே கட்டுகளை நம் கணக்கு வருஷப்படிதான் அடுக்கியிருப்பார்கள். சீட்டில் இருந்த வருஷத்துக் கட்டைப் பிரித்தார். ஏடு இல்லை. இருக்காதுதான், அது அடுத்த கட்டில் இருந்தது. திரும்பி வந்து, “இல்லாத காகிதத்தை எழுதியிருக்கிறார், கள்ளச் சீட்டு” என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தார்.

அகராதிக்காரனுக்குக் கள்ளச் சீட்டு என்ற பேர், வைத்தியனுக்கு விஷம் வைத்தான் என்ற பேர் மாதிரி. மூன்று பேர் கொண்ட கமிட்டி கூப்பிட்டு விசாரித்தது. “என் கண்ணால பாத்தேன்” என்று மட்டும் அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னான். அன்று மாலையே வெளியே அனுப்பிவிட்டார்கள். காப்பகத்து பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதோடு விட்டார்களா? அவன் இருபத்திரண்டு வருஷம் எழுதின சீட்டுகளை மாடம் மாடமாக எடுத்து, ஒவ்வொன்றிலும் ‘ஐயம்’ என்று சிவப்பு முத்திரை குத்தினார்கள். முத்திரை குத்தவே நாலு நாள் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள் குளித்துக்கொண்டிருந்தபோதுதான் அவனுக்குச் சாய்கோடு ஞாபகம் வந்தது. தலையைக்கூடத் துவட்டாமல் உட்கார்ந்து, பிரிவுத் தலைவருக்குக் கடிதம் எழுதினான். ‘தேதியில் கோடு போடாதது என் தப்பு. அடுத்த வருஷத்துக் கட்டைப் பாருங்கள், ஏடு இருக்கும்.’ பதில் வரவில்லை. இன்னொன்று எழுதினான். அதற்கும் வரவில்லை. மூன்றாவது எழுதவில்லை. வீட்டில் இருந்த மரக்கரண்டி, மத்து, பலகை எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டான். “மனுஷனுக்குக் கோவம் வந்தா தட்டை எறிவான், இவரு வாங்கின புதுப் பலகையைக்கூட விடலையே” என்று அண்ணி புலம்பினாள். பிறகு அவளும் பழகிக்கொண்டாள். அண்ணன் ஒரு பூட்டுக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரப் போனான். புத்தகம் என்று ஒன்றைத் தொடுவதில்லை. அவனைப் பார்க்கப் பார்க்கத் தங்கைக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் அதுவரை ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தாள். அகராதி அலுவலகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் மனுப் போட்டாள். “அங்கேயா போற? உனக்கு வெக்கம் மானம் இல்லையா?” என்று அண்ணி கேட்டாள். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான்.

ஐந்து வருஷம் வேலை பார்த்தால்தான் காப்பகத்துக்கு பாஸ் கிடைக்கும். இந்த வருஷம் அவளுக்குக் கிடைத்தது. கிடைத்த மறுநாளே போய் அடுத்த வருஷத்துக் கட்டை வாங்கிப் பிரித்தாள். பதினோராவது ஏடு. விதவை, போர்வைகள், சட்டிகள், பால் அறை, ‘உட்டன்வேர் எல்லாம்’. அண்ணன் சொன்ன அத்தனையும் சொன்னபடி இருந்தது. அவள் அங்கேயே, அத்தனை பேருக்கு நடுவில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். காப்பாளர் அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, “காகிதத்து மேல கண்ணீர் படாமப் பாத்துக்கோங்க” என்றாள்.

கட்டைத் திரும்பக் கொடுக்கும்போதுதான் அந்த அட்டையைப் பார்த்தாள். கட்டைப் பிரிக்கிறவர்கள் எல்லோரும், என்ன பார்த்தோம், ஏடு என்ன நிலையில் இருக்கிறது என்று உள்ளே இருக்கிற அட்டையில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்கு முன்னால் இரண்டே பேர் எழுதியிருந்தார்கள். முதல் ஆள் அண்ணன். இரண்டாவது, அழகான சாய்ந்த கையெழுத்தில், இங்கிலீஷில் இப்படி இருந்தது: ‘பால் அறையில் இருந்த உட்டன்வேர் எழுதியுள்ள ஏட்டின் ஓரம் கிழிந்திருக்கிறது, தயவுசெய்து ஒட்டிவைக்கவும்.’ கீழே பிரிவுத் தலைவரின் முழுக் கையெழுத்து. தேதி, அண்ணனை வெளியே அனுப்பின நாளிலிருந்து பத்தொன்பதாம் நாள்.

அடப்பாவி! கடிதம் வந்திருக்கிறது. படித்திருக்கிறார். வந்து பார்த்திருக்கிறார். கண்ணால் கண்டிருக்கிறார். காகிதத்தின் ஓரம் கிழிந்ததற்கு ஒட்டு போடச் சொல்லத் தெரிந்திருக்கிறது, ஒரு மனுஷன் வாழ்க்கை கிழிந்ததற்கு வாய் திறக்கத் தெரியவில்லை. கள்ளச் சீட்டைப் பிடித்த கெட்டிக்காரர் என்று அதற்குள் அவருக்குப் பதவி உயர்வு பேசிக்கொண்டிருந்தார்கள். எப்படித் திறப்பார்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், ஒரு அட்டையை மறந்துவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும்.

வேறு யாராவது இருந்தால் அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு நேரே கமிட்டிக்கு ஓடியிருப்பார்கள். ஊசி ஓடவில்லை. ஓடினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள், ‘பழைய கதை, விடும்மா’ என்பார்கள், ஒரு வருத்தக் கடிதம் தபாலில் போகும். அது போதாது. அவள் தன் மேஜைக்கு வந்து, ஒரு புதுச் சீட்டை எடுத்தாள். மேலே ‘உட்டன்வேர்’ என்று எழுதினாள். அதற்குக் கீழே அட்டையில் இருந்த வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்து எழுதினாள். ஆள் பேர், தேதி. அகராதி விதிப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் கடைசி மேற்கோள் இந்தப் பத்து வருஷத்துக்குள் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். இது எட்டு வருஷத்துக்கு முந்தினது. சொல்லின் பொருளும் அதில் தெளிவாக வருகிறது. ஒரு விதியும் மீறவில்லை. அண்ணனின் பழைய சீட்டைத் தேடி எடுத்து, வருஷங்களுக்கு நடுவே அந்தச் சாய்கோட்டைப் போட்டாள். சிவப்பு முத்திரைக்குப் பக்கத்தில் ‘நேரில் பார்த்துச் சரிபார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட்டாள். அது முதல் மேற்கோள், இது கடைசி மேற்கோள். பக்கம் புரூஃப் ஆகித் தலைமைப் பதிப்பாசிரியரின் மேஜைக்குப் போயிற்று.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவர் கூப்பிட்டார்.

“உக்காருங்கம்மா. இந்த முதல் சீட்டு... இது பழைய கேஸாச்சே. எங்கே கெடச்சுது உங்களுக்கு?”

“அடுத்த வருஷத்துக் கட்டுல சார். பழைய கணக்கு பிப்ரவரி. கோடு போட விட்டுட்டாங்க, அவ்வளவுதான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பெரிய விஷயம் கண்டுபிடிச்சிருக்கீங்க. முதல் மேற்கோள் உங்க பேர்லயே போட்டுடலாம். பழைய ஆளை எதுக்குக் கிளறிக்கிட்டு...”

“சீட்டு அவர் கையெழுத்துல இருக்கே சார். நான் கோடு மட்டும்தான் போட்டேன்.”

“உங்களுக்கு எதுக்கும்மா அந்த ஆளு மேல இத்தனை அக்கறை?”

“எங்க அண்ணன் சார்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார், பிறகு புரூஃபைப் பார்த்தார். அப்போதுதான் பக்கத்தின் கடைசி வரி வரைக்கும் படித்தார் போலிருக்கிறது. காதுமடல் முதலில் சிவந்தது, பிறகு முகம் முழுக்க வெளுத்துவிட்டது. அவளுக்கு அந்த வெளுப்பைப் பார்க்க அவ்வளவு இனிப்பாக இருந்தது. ஐந்து வருஷம் இந்த ஒரு நிமிஷத்துக்குத்தானே காத்திருந்தாள்!

“இதை எடுத்துடுங்க” என்றார் மெதுவாக.

“நீங்களே எடுக்கலாமே சார். நீக்கல் குறிப்பு எழுதுங்க.”

அவர் பேனாவை எடுத்துவிட்டு மறுபடி கீழே வைத்தார். எப்படி எழுதுவார்? சரிபார்த்த சீட்டு ஒன்றை நீக்க வேண்டுமானால் என்ன காரணத்துக்காக என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கமிட்டி முன்னால் வைக்க வேண்டும். அண்ணன் விவகாரத்துக்குப் பிறகு அவரே கொண்டுவந்த விதி. பொய்ச் சீட்டு என்று எழுதினால், தன் கையெழுத்தைத் தானே பொய் என்று சொல்ல வேண்டும். உண்மைதான் ஆனால் வேண்டாம் என்று எழுதினால், ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். குழி வெட்டினவருக்கே அதன் ஆழம் தெரியும்.

“நான் அன்னிக்குச் சொல்லியிருக்கணும்” என்றார். “சொல்ல முடியலை. கமிட்டி முடிவு எடுத்தாச்சு, ஆர்டர் போட்டாச்சு. எட்டு வருஷமா எனக்கும் நிம்மதி இல்லைம்மா. நான் ஒண்ணு செய்யறேன். முதல் மேற்கோள் உங்க அண்ணன் பேர்ல வரட்டும். அந்த முத்திரையெல்லாம் அழிக்கச் சொல்றேன். முன்னுரையில ஒரு பக்கம் அவரைப் பத்தி நானே எழுதறேன். மறுபடி வேலைக்குக் கூப்பிடறேன். இந்தக் கடைசி ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க. உங்க சீட்டு, நீங்களே திருப்பி வாங்கிக்கிட்டா நீக்கல் குறிப்பு எழுத வேண்டாம். எனக்கு இன்னும் ரெண்டு வருஷந்தான் சர்வீஸ்.”

நிஜமாகவே அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அதற்காக அவள் இரங்கவில்லை, பொய் சொல்வானேன். ஆனால் யோசித்தாள். முத்திரைகள் அழியும். வேலை திரும்ப வரும். பூட்டுக் கடையில் கூனிக்குறுகி உட்கார்ந்திருக்கிற முதுகு அவள் கண்முன்னால் வந்தது. தன் வஞ்சத்துக்காக அண்ணன் சோற்றில் தானும் மண் போடலாமா? நாளைக்கு மத்தியானம் வாசிப்பு, எல்லோர் முன்னாலும் அவரே அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தாக வேண்டும். அதற்குள் முடிவு சொல்ல வேண்டும்.

“அண்ணனைக் கேட்டுச் சொல்றேன்” என்று எழுந்தாள்.

சாயந்திரம் அண்ணன் வீட்டுக்குப் போனபோது அவன் கால் கழுவிக்கொண்டிருந்தான். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சொல்லை அந்த வீட்டில் அவள் எடுத்தாள். கட்டு, அட்டை, தேதி, தான் எழுதின சீட்டு, அவர் அழுதது, அவர் கேட்டது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். அண்ணி கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

“ஒத்துக்கிட்டுப் போயிடுங்க” என்றாள் அண்ணி. “பேரு திரும்ப வருதுல்ல? அந்த மனுஷன் வயசான காலத்துல அழுதாராமே. நமக்கு எதுக்கு அந்தப் பாவம்?”

அண்ணன் துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். “பத்தொன்பதாம் நாளா?” என்றான்.

“பத்தொன்பதாம் நாள்.”

“நான் ரெண்டாவது கடுதாசி போட்டது இருபத்தஞ்சாம் நாள். அப்போ அவனுக்குத் தெரியும்.” துண்டைக் கொடியில் போட்டான். “அட்டையில இருக்கிறதை மாத்தாம எழுதினியா?”

“எழுத்துக்கு எழுத்து.”

“தேதி?”

“சரியா இருக்கு.”

“சொல்லோட பொருள் அதுல தெரியுதா?”

“தெரியுதுண்ணா.”

“அப்ப அது நல்ல சீட்டு. நல்ல சீட்டை எடுக்க நீ யாரு, அவன் யாரு?” என்றான். “நாளைக்கு வாசிப்பு எத்தனை மணிக்கு?” அண்ணி பக்கம் திரும்பினான். “ஏய், அந்த வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வை.”

வாசிப்பு என்பது அந்த அலுவலகத்தின் பழைய பழக்கம். ஒரு பக்கம் அச்சுக்குப் போகுமுன் தலைமைப் பதிப்பாசிரியர் எழுந்து நின்று, அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் உரக்கப் படிக்க வேண்டும். கமிட்டிக்காரர்கள் மூன்று பேரும், சீட்டு எழுதுகிற மேஜைக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு பிரதியை வைத்துக்கொண்டு கூடவே பார்ப்பார்கள். ஒரு சொல்லின் முதல் மேற்கோளைக் கொடுத்தவருக்கு அன்றைக்கு முன்வரிசையில் நாற்காலி உண்டு. ஒவ்வொரு மேற்கோளும் முடிந்ததும் அவர் ‘சரி’ என்று சொன்னால்தான் அடுத்ததுக்குப் போகலாம். பெரும்பாலும் ஓய்வுபெற்ற வாத்தியார்கள் வருவார்கள், சந்தோஷமாகச் ‘சரி, சரி’ என்று தலையாட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

அன்று மத்தியானம் வெள்ளைச் சட்டையோடு அண்ணன் உள்ளே வந்தபோது மேஜைகளில் பேனா ஓடுவது நின்றது. முத்திரை குத்தின ஆட்களில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தான். தங்கை இரண்டாம் வரிசையில் பிரதியோடு உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரே பயம். அண்ணன் அழுதுவிடுவானோ, பாதியில் எழுந்து போய்விடுவானோ, கையெடுத்துக் கும்பிட்டு மன்னித்துத் தொலைப்பானோ என்று. மன்னிக்கிற சுபாவம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

தலைமைப் பதிப்பாசிரியர் படிக்க ஆரம்பித்தார். முதல் மேற்கோள். வருஷம், சாய்கோடு, அடுத்த வருஷம். விதவையின் சாமான் பட்டியல். ‘உட்டன்வேர் எல்லாம்.’

“சரி” என்றான் அண்ணன். குரல் சுத்தமாக இருந்தது.

இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. எல்லாவற்றுக்கும் சரி, சரி, சரி. கடைசிக்கு முந்தினதைப் படித்து முடித்தவர், ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு அடுத்த சொல்லின் தலைப்பைப் படித்தார்.

“சார், ஒரு மேற்கோள் விட்டுட்டீங்க” என்றாள் ஊசி.

எல்லோருடைய கண்ணும் பிரதியில் இறங்கிற்று. காகிதம் புரளுகிற சத்தம். கமிட்டியில் மூத்தவர் விரலை வைத்துப் படித்து, நிமிர்ந்து அவரைப் பார்த்தார், மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார். இனி ஒளிக்க இடம் இல்லை. தலைமைப் பதிப்பாசிரியர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வருஷத்தைப் படித்தார். தன் பேரைப் படித்தார். பிறகு அந்த வாக்கியத்தை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்.

“கேக்கலை” என்றான் அண்ணன்.

அவர் மறுபடி படித்தார். இந்தத் தடவை பாதி அறைக்குக் கேட்டது. ‘பால் அறையில் இருந்த உட்டன்வேர் எழுதியுள்ள ஏட்டின் ஓரம் கிழிந்திருக்கிறது, தயவுசெய்து ஒட்டிவைக்கவும்.’

மூத்தவர் கேட்டார்: “இந்தத் தேதி... இவரை நாம அனுப்பினதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“பின்னாடி.”

“எத்தனை நாள்?”

“பத்தொன்பது நாள்” என்றார். “ஏடு இருந்தது. அவர் பொய் சொல்லலை. நான் பாத்துட்டுச் சொல்லாம விட்டுட்டேன்.”

ஊசிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எட்டு வருஷமாக அவள் கேட்க ஆசைப்பட்டது இதைத்தான், இதே வார்த்தையைத்தான். இதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அண்ணன் இப்போது ‘சரி’ என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்விடலாம்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. காலை நன்றாக நீட்டி, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

“கேக்கலை” என்றான். “முதல்லேருந்து படிங்க.”

அவர் படித்தார். வருஷம், பேர், வாக்கியம். அண்ணன் சரி என்று சொல்லவில்லை. விதிப்படி அவன் சொல்லாமல் அடுத்த சொல்லுக்குப் போக முடியாது. “இன்னொரு தடவை” என்றான். அவர் படித்தார். கமிட்டிக்காரர்களில் ஒருவர் நெளிந்துகொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னொரு தடவை.” ஐந்தாவது தடவை தலைமைப் பதிப்பாசிரியர் காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, பார்க்காமலே படித்தார். மேஜைக்காரர்கள் பிரதியை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். தங்கைக்கே பொறுக்கவில்லை. முன்னால் குனிந்து, “அண்ணா, போதும்ணா” என்று அவன் காதோரம் கிசுகிசுத்தாள்.

அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தான். எட்டு வருஷமாக அவள் பார்க்காத சிரிப்பு அந்த முகத்தில் இருந்தது.

“எத்தனை சீட்டுல முத்திரை குத்தினாங்க, உனக்குத் தெரியுமா?” என்றான். பிறகு முன்னால் திரும்பி, “கேக்கலை சார், படிங்க” என்றான்.